சுழி போட்ட போல்டர்

கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பதையெல்லாம் இன்னொரு இடத்திலும் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று துளசிமணிக்கு முதன்முதலில் சொன்னது அவளுடைய மகள் யமுனா. தலைப்பிரசவத்துக்கு வந்து, வீங்கின காலை முக்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, இதே சின்ன அறையில், இதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த புரட்டாசி மாதத்தில் சொன்னாள். "ம்மா, வெள்ளிக்கெழமையானா சாமிக்கு வெளக்கு வெக்கறயல்ல, அதே கையோட இதையும் பண்ணிரு, மறக்காது" என்றாள். மறக்கவில்லை. யமுனாவின் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, இப்போது புனேயில் பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிறது. ஒரு வெள்ளி தப்பினதில்லை. விளக்கேற்றி, நெற்றிக்கு விபூதி வைத்து, அதே விரலோடு பென்டிரைவைச் செருகி, பட்டறைக் கணக்கு இருக்கிற மஞ்சள் போல்டரை அங்கிருந்து இங்கே ஒட்டி, பேர் போட்டு வைப்பாள். போல்டர் என்று மற்றவர்கள் சொல்வார்கள்; அவளுக்கு அது கல்யாண வீட்டில் மொய் வைத்துக் கொடுக்கிற கவர் மாதிரிதான் எப்போதும் தெரியும். அதே பென்டிரைவில் சின்னவன் சிபியின் சர்டிபிகேட்டு, தோட்டத்துப் பட்டா, பேரன் வயிற்றிலிருந்தபோது எடுத்த ஸ்கேன் படம், எல்லாம் ஒரே இடத்தில் ஒட்டுக்காக் கிடந்தன. கிடந்தனவா, கிடக்கின்றனவா? அதுதான் தெரியவில்லை. காலையில் கரண்டு பொக்கென்று போய்ப் பொக்கென்று வந்தது. பேட்டரிப் பெட்டி ஒரு முனகல்கூட இல்லாமல் செத்துக் கிடந்தது. மறுபடி கணக்கைத் திறந்தால் திரையில் ஒரு சாம்பல் கட்டம், இங்கிலீசில் என்னமோ. எட்டாவது படித்த இங்கிலீசை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். முதல் இரண்டு வார்த்தை பிடிபடவில்லை. மூன்றாவது பிடிபட்டது. ரிப்பேர். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாமல் போகுமா? தெருமுனையிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி அவள் வீட்டுக்காரரின் பட்டறை போர்டில் இருப்பது அதுதானே, நாச்சிமுத்து மோட்டார் ரிப்பேர். இந்த வீட்டில் உலை கொதித்தது, யமுனா படித்தது, சிபி விமானம் ஏறியது எல்லாம் ரிப்பேரில்தான். எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள். ரிப்பேர் ஆகிச் சுற்றிக்கொண்டு போகும். ரிப்பேர் பண்ணட்டுமா என்று கேட்கிறது, வேண்டாமென்று யாராவது சொல்வார்களா? ஆமாம் என்று அழுத்திவிட்டாள்.

அழுத்தினாள். அது ஒரு பச்சைப் பட்டையை ஓட்டியது, பாதியில் நின்றது, மறுபடி ஓட்டியது, கடைசியில் கம்பெனிப் பேர் நிற்கிற இடத்தில் வெறும் வெள்ளையைக் காட்டியது. சரி, பென்டிரைவில் இருக்கிறதல்லவா என்று அதைப் பார்க்கச் சொன்னாள்; அங்கேயும் வெள்ளை. அப்போதுதான் பார்த்தாள், வெள்ளிக்கிழமை செருகின பென்டிரைவ் இந்தச் செவ்வாய் வரைக்கும் எடுக்காமல் அதிலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் அந்தப் பட்டை ஓடினபோது பென்டிரைவுக்குள்ளும் ஓடியிருக்கும். இருந்ததையும் தின்று, எடுத்து வைத்ததையும் தின்றிருக்கும். நான்தான் ஆமாம் என்றேன், பிள்ளையாரப்பா, நான்தான் அழுத்தினேன்.  நாச்சிமுத்து சாப்பிட வந்தவர் விசயம் கேட்டு, கோபப்பட்டிருந்தாலாவது தேவலை, கோபப்படவில்லை. தயிர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "விடு புள்ள. போனாப் போகுது. பில்லெல்லாம் கட்டி வெச்சிருக்கறமல்ல? ஆடிட்டர் ஆபீசுல ரெண்டு புள்ளைக அதுக்குன்னே உக்காந்திருக்குதுக, அவிககிட்டயே குடுத்துப்போடலாம். சாயங்காலம் அந்தப் பக்கந்தான் போறேன், சொல்லிப்போட்டு வந்தர்றேன். நீ எத்தன நாளைக்குத்தான் இந்தப் பொட்டியவே பாத்துக் கண்ணக் கெடுத்துக்குவ?" என்றார். பிரியமாகத்தான் சொன்னார். அவர் பிரியமாகச் சொல்வதுதான் அவளுக்குப் பதில் சொல்ல வராத பேச்சு. திட்டினால் திருப்பிச் சொல்லலாம். சாயங்காலம் என்கிறார். ஒரு இலையை எடுத்துப் போடுகிற மாதிரி அவ்வளவு லேசாக. அவருக்கு அது கண்ணைக் கெடுக்கிற வேலை. அவளுக்கு என்னவென்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பார், சிரித்துவிட்டுப் பட்டறையில் வேறு சொல்லுவார். ஒவ்வொரு பில்லையும் ஏற்றும்போது அந்தப் பேருக்கு ஒரு வேண்டுதல் வைப்பாள். யாருக்கும் தெரியாது, யமுனாவுக்கே தெரியாது. பீளமேட்டு மாவுமில் தங்கவேலு, ஐந்து எச்பி மோட்டார், காயில் கட்டினது: அவர் மகளுக்கு இந்தத் தைக்குள் நல்ல இடம் அமையோணும். சரவணம்பட்டி ருக்குமணியக்கா, கிணற்று மோட்டார்: கெணத்துல தண்ணி கெடக்கோணும், அக்காளுக்கு மூச்சு வாங்கறது நிக்கோணும். பேர் தெரியாத கம்பெனி என்றால், அங்கே ராத்திரிச் சிப்டு பார்க்கிறவர்கள் கை விரல் பத்திரமாக இருக்கோணும். கோயிலில் போய் உட்கார்ந்தால் அவளுக்கு மனசு நிற்காது. செருப்பு, சில்லறை, வீட்டுச் சாவி என்று ஓடும். இங்கே நிற்கும். ஒரு பேர், ஒரு எண், எண்டர், ஒரு வேண்டுதல். ஆடிட்டர் ஆபீசுப் பிள்ளைகள் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான், வெசையாய் அடிப்பார்கள். தங்கவேலுவின் மகளை அவர்களுக்கு எப்படித் தெரியும்?

காலையில் மகளிடம் விசயத்தைச் சொல்லி வைத்திருந்த போன் அதிர்ந்தது. யமுனா. "சொல்லும்மா, இப்பத்தான் மீட்டிங் முடிஞ்சுது. எதத் தொட்ட?" "ஒண்ணுந் தொடல கண்ணு. அதுதான் ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேட்டுது." "நீ ஆமான்னுட்டயா?" துளசிமணி அழுத்தின விரலைப் பார்த்தாள். "ஏம்மா, அது கேட்டா ஒடனே ஆமான்னுருவயா? எனக்கு மாப்பள பாக்கறப்ப இத்தன சீக்கிரம் ஆமான்னிருந்தா ரெண்டு வருசம் மிச்சமாயிருக்குமல்ல?" என்று சிரித்தாள். சிரிப்பு வந்ததும் துளசிமணிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இவள் சிரிக்கிறாள் என்றால் ஏதோ வழி தெரிந்துதான் சிரிக்கிறாள். இல்லை, அம்மா பயப்படக் கூடாது என்று சிரிக்கிறாளோ? இவள் அப்படியும் செய்வாள். பிரசவ வலி எடுத்தபோதுகூட ஆட்டோவில் ஏதோ கேலி பேசிக்கொண்டுதானே வந்தாள், அம்மாவின் மணிக்கட்டில் நகம் பதியப் பிடித்துக்கொண்டு. அந்தத் தழும்பு இப்போது இல்லை. போய்விட்டது. போகாமல் இருந்திருக்கலாம். "ம்மா, ஒரு எண் வரும் பாரு திரைல, அதச் சொல்லு. நா இங்கிருந்தே உள்ள வர்றேன்." எண்ணைச் சொன்னாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் இருந்த அம்பு, இவள் கை மவுசில் இல்லாமலே, தானாக ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் துளசிமணிக்கு மயிர்க்கூச்செறியும். இதோ வந்துவிட்டாள். புனேயிலிருந்து வந்து, பொம்மைக்குள் கை விட்ட மாதிரி அம்புக்குள் கையை விட்டுக்கொண்டு, இந்த வீட்டுக்குள் நடக்கிறாள். யோசிக்கும்போது அம்பை வட்டம் வட்டமாகச் சுற்றுகிறாள். சின்னதில் யோசிக்கும்போது பின்னல் நுனியைச் சுற்றுவாளே, அதே சுற்று, இடமிருந்து வலம். துளசிமணி மவுசைத் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டால் இரண்டு பேர் கையும் இழுபடும்.

"கணக்குப் போல்டரு கெட்டுப்போச்சாட்டக்குதும்மா. உள்ள பைலு இருக்குது, ஆனா அது ரிப்பேர் பண்றேன்னு பண்ணிப் பாதிய அழிச்சுப்போட்டுது. இத வெச்சு ஒண்ணும் ஆகாது. பேக்கப்தான் கதி." பேக்கப்தான் கதி. கதி என்று சொல்கிறாளே. குக்கர் விசில் அடித்தது. எழுந்து போய் அணைக்கலாம். போனால் அதற்குள் ஏதாவது நடந்துவிடும், இவள் பார்க்காதபோது நடந்துவிடும். பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் நடக்காதா? காலையில் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள், கண்ணெதிரேதானே பட்டை ஓடியது. இன்னொரு விசில். பருப்பு குழையட்டும். குழைந்தால் ரசத்துக்கு ஆயிற்று. "பென்டிரைவ எங்கம்மா வெச்சிருந்த இத்தன நாளா?" "சாமி மாடத்துல கண்ணு. விபூதிச் சம்புடத்துக்குள்ள." "விபூதிக்குள்ளயா!" "பத்திரமா இருக்கட்டும்னு." "ம்மா, அந்த ஓட்டைக்குள்ள விபூதி போனா என்னாகும் தெரியுமா? இனி கம்ப்யூட்டரு கந்த சஷ்டி சொல்லும்." துளசிமணி சிரிக்கவில்லை. விபூதியால் இருக்குமோ? சரஸ்வதி பூஜைக்குத் திரைக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள், பெட்டிக்கு வைத்தாள், அதன் காற்றாடி துளையிலும் கொஞ்சம் வழிந்தது, துடைத்தாள், துடைத்தாளா? பக்தி என்று செய்ததெல்லாம் பாரமாய்ப் போய் விழுந்திருக்குமோ? அப்படிக் கேட்கவும் கூடாது. கேட்டால் சாமிக்குத்தான் பழி. நான்தான் அழுத்தினேன். ரிப்பேர் என்றதும் என் கைதான் ஓடியது. அம்பு இப்போது வேறொரு கட்டத்தைத் திறந்தது. அதில் மஞ்சள் கவர்கள் வரிசையாக நின்றன. ஒன்றன்கீழ் ஒன்றாக, அவள் போட்ட பேரோடு. இருக்கின்றன! "இருக்குதும்மா, எங்கயும் போகல," என்றாள் யமுனா. "கவரு இருக்குது சாமி, உள்ளே இருக்குதா?" "பாக்கறேன் இரு." பார்த்தாள். "தேதியெல்லாம் வெள்ளிக்கெழமைதான் காட்டுது. இன்னிக்கு ஆரும் இதத் தொடல. கடைசி வெள்ளி போட்டத மொதல்ல உள்ள காப்பி போடறேன், அப்பறம் கணக்குல தெறந்து பாக்கலாம்." பச்சைப் பட்டை. இது வேறு பட்டை, நல்ல பட்டை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நிறம் அதே நிறம். அது ஊர்ந்தது. ருக்குமணியக்கா அதற்குள் இருக்கிறாள். தங்கவேலு இருக்கிறார். அவர்கள் யாருக்கும் தெரியாது, தாங்கள் இப்படி ஒரு பட்டைக்குள் ஊர்ந்துகொண்டிருப்பது. ஒருத்தர் மோட்டாரைச் சுற்றவிட்டுக்கொண்டு மாவரைத்துக்கொண்டிருப்பார், ஒருத்தி வாய்க்காலில் மடை மாற்றிக்கொண்டிருப்பாள். பட்டை முடிந்தது. யமுனா கணக்கைத் திறந்து, இந்தா இங்கே பார் என்று அந்தப் போல்டரைக் காட்டினாள். வெள்ளை. மறுபடி காட்டினாள். வெள்ளை. அம்பு சுற்றத் தொடங்கியது, இடமிருந்து வலம், இடமிருந்து வலம். சிரிப்புச் சத்தம் இல்லை.

சிரிப்புச் சத்தம் இல்லாதபோது அந்த அறையில் மின்விசிறியின் கிறீச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. யமுனா அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. "ஒரு நாளாவது இதத் தெறந்து பாத்திருக்கயாம்மா? பேக்கப் எடுத்து எடுத்து வெச்சயே, ஒருக்கா ரீஸ்டோர் பண்ணி?" "எதுக்குக் கண்ணு தெறக்கோணும்? ஊறுகாயப் போட்டு வேடு கட்டி வெச்சா, சும்மா சும்மா தெறந்தா பூசணம் புடிக்குமல்ல?" "அய்யோ, ம்மா." அய்யோ என்பதில் கோபம் இல்லை, ஆனால் களைப்பு இருந்தது. பெண் களைத்துவிட்டாள். மீட்டிங்கு மீட்டிங்கு என்று வேலை, பிள்ளை, சமையல், நடுவில் அம்மாவின் கணக்கு. விட்டுவிடு கண்ணு, அப்பா சொன்ன மாதிரியே குடுத்துவிடலாம் என்று சொல்ல வாய் எடுத்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டாள். சொல்லிவிட்டால் அது அப்படியே நடந்துவிடும். சாயங்காலம் அவர் வண்டியை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார். நாளைக்குக் காலையில் பாத்திரம் கழுவி, விளக்குத் துடைத்து, இந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு எங்கே உட்காருவது? பிள்ளையாரப்பா, எனக்கு இது ஒன்றை மட்டும் வாங்கிக்கொள்ளாதே. கண்ணை வாங்கிக்கொண்டாலும்... இல்லை, கண்ணையும் விடு, கண்ணில்லாமல் எப்படிப் பில்லைப் பார்ப்பது? முழங்காலை வாங்கிக்கொள். அது எப்படியும் உன்னிடம் பாதி வந்தாயிற்று. "ம்மா." "சொல்லு சாமி." "இது என்ன? இங்க பாரு, நா வட்டம் போடற எடத்துல." திரையின் மேலே ஒரு நீளக் கட்டத்தில் சின்னச் சின்ன இங்கிலீசு எழுத்தாக வழி போட்டிருந்தது, அந்த வழியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி நின்றது. "கேள்விக்குறி கண்ணு." "அது தெரியுது. நீ போல்டருக்கு என்ன பேரு போட்ட?" "தேதிதான் போட்டேன். முன்னால சுழி போட்டு." "என்ன சுழி?" "என்ன சுழின்னா? பிள்ளையார் சுழி. நீ போட்டுக் குடுத்தயல்ல தமிழ் எழுத்து, அதுல உ அடிச்சு, அப்பறந் தேதி. சுழி போடாம ஆரு கண்ணு கணக்க எடுத்து வெப்பா?"

 அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குமுறல் மாதிரி வந்தது, அழுகிறாளோ என்று துளசிமணி பதறிப்போனாள், சிரிக்கிறாள். "ம்மா... இந்தக் கணக்கு சாப்ட்வேர் ரொம்பப் பழசு. அதுக்கு இங்கிலீசு எழுத்து மட்டுந்தான் தெரியும். உ-வப் பாத்தா அது என்னமோ ஏதோன்னு ஒதுங்கிப் போயிருது. அதனாலதான் வெறும் வெள்ளையாக் காட்டுது. விக்கினந் தீக்கற சாமியே வாசப்படில குறுக்க உக்காந்திருக்குதும்மா!" துளசிமணி அந்தக் கேள்விக்குறியைக் கிட்டே போய்ப் பார்த்தாள். "பிள்ளையாரையே ஆரு நீன்னு கேக்குதா அது?" "அதேதான்." "நல்லா இருக்குது." பயமா சந்தோசமா என்று பிரிக்கத் தெரியவில்லை. யமுனா இன்னும் சிரித்துக்கொண்டே, "அட, இரும்மா, இன்னொண்ணு இருக்குது. காலைல ரிப்பேர் பண்றேன்னு கண்ணுல பட்டதையெல்லாம் போட்டுக் குதறுச்சல்ல, பென்டிரைவு உள்ள இருந்தும் இத ஏன் தொடல? கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான தொடும்? சுழி இருந்ததால தெரியல. தேதிய மட்டும் போட்டிருந்தயின்னா இன்னேரம் இதும் போயிருக்கும்" என்றாள்.  துளசிமணிக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை போனது. ஒரு கையில் போன் இருந்ததால் ஒரு கன்னத்தில் மட்டும் போட்டுக்கொண்டாள். அம்பு போய் அந்த மஞ்சள் கவரின் பேரில் நின்றது. பேர் நீலமாக மாறியது. எழுத்துக்கு முன்னால் ஒரு கோடு மின்னி மின்னி மறைந்தது. அழிக்கப் போகிறாள். உ-வை அழித்தால் திறந்துவிடும். அழிக்கத்தான் வேண்டும். இத்தனையும் காத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை, வேலை முடிந்தது எழுந்து போ என்று... "இரு கண்ணு, இரு, இரு." அம்பு நின்றது.  படித்த பெண்ணிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் கை அழிக்கும்.  அம்பு ஒரு வட்டம் போட்டது. "சரி, இப்படிப் பண்ணலாம்," என்றாள் யமுனா, குரலைத் தழைத்து. "பென்டிரைவுல இருக்கறதுல நா கையே வெக்கல. அது நீ வெச்சபடியே, சுழியோடவே இருக்கட்டும். இங்க உள்ள காப்பி போட்டமே, அந்தக் காப்பிக்கு மட்டும் பேர மாத்தறேன். எப்படியும் மூலத்துல கை வெக்கறது தப்புதான். சரியாம்மா?"  "சரி சாமி" என்றாள் துளசிமணி. சரி சாமி என்றதை மகளுக்குச் சொன்னாளா, சுழிக்காரருக்குச் சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை.

உ போனது, தேதி நின்றது. பச்சைப் பட்டை இன்னொரு தடவை ஊர்ந்து, முடிந்து, திரை ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தது. நாச்சிமுத்து மோட்டார் ரிப்பேர், கணபதி, கோயமுத்தூர். கீழே பேர்கள், பேர்கள். ருக்குமணியக்கா. தங்கவேலு. பெரியநாயக்கன்பாளையத்து ஸ்கூல், தண்ணித் தொட்டி மோட்டார். துளசிமணி விரலைத் திரையில் வைத்து ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே இறங்கினாள், ஜுரம் விட்ட பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி. "விரல எடும்மா, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? நீ திரையத் தடவறது இங்க வரைக்குங் கேக்குது," என்றாள் யமுனா. "தங்கம், நீ போய்ச் சாப்புடு." "இனிமே சுழி போடோணும்னா தேதிக்கு முன்னால போடாத, உள்ள போயி பில்லுல எங்காச்சும் போட்டுக்க. புது பேட்டரி வாங்கச் சொல்லு அப்பாவ." "சொல்றேன்." அம்பு ஒரு குலுக்குக் குலுக்கியது, பிறகு வெறும் அம்பாகிவிட்டது. பின்னால் சட்டையில் எண்ணெய் வாடையோடு நாச்சிமுத்து வந்து நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "வந்திருச்சாட்டக்குது?" "வந்திருச்சுங்க." அவர் பட்டியலின் அடிவரைக்கும் பார்த்தார். "வெள்ளிக்கெழமையோட நிக்குது பாரு. சனிக்கெழமையும் நேத்தும் போட்டதெல்லாம் காணமே. அதையெல்லாம் மறுபடியும் மொதல்ல இருந்து அடிக்கோணும். அதுக்குத்தாஞ் சொல்றது புள்ள, உனக்கெதுக்கு இந்தச் செரமம், சாயங்காலம் நா அந்தப் பக்கம்..." அவர் கை அவள் தோளில் இருந்தது, கனமாக, பிரியமாக. சனிக்கிழமை யார் யார் வந்தார்கள்? பம்பு கொண்டுவந்த அந்த வயதானவர், பேர் மறந்துவிட்டது, மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னாரே. அவருக்கு வேண்டிக்கொண்டது அழிந்திருக்காது. ஆனால் இன்னொரு தடவை வேண்டிக்கொண்டால் கெட்டுப் போகாது. துளசிமணி கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"ஏனுங்க, சனிக்கெழமைல இருந்து வந்த பில்ல மட்டும் கொஞ்சம் எடுத்துக் குடுங்க."